ஒல்லாந்தில் ஒரு மாட்டுக்கொட்டில்

ஒல்லாந்தர் என்றவுடன் யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்கு முதலில் நினைவில் எழுவது கோட்டைதான். 1658-ம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டியவர்கள் அவர்கள். அடுத்து நினைவுக்கு வருவது தோம்பு. எந்தக் காணி யாருடையது, குடும்பத்தில் எத்தனை தலை என்றெல்லாம் விசாரித்து எழுதிவைத்து வரி கேட்டவர்கள் அல்லவா? அந்த எழுத்துப் பழக்கம் அவர்களை விட்டு இன்னும் போகவில்லை. இப்பொழுது அவர்கள் தோம்பு எழுதுவது பசுக்களுக்கு என்பதைச் சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் என் கண்ணாலேயே கண்டு வந்தேன்.

என் தம்பியின் மகள் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அண்மையில் குடியிருக்கிறாள். அவள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். காற்றாலைகளையும் ஓவியக்கூடங்களையும் பார்த்து முடித்தபின், "பெரியப்பா, இனி எங்கை போக விருப்பம்?" என்று கேட்டாள். "ஒரு மாட்டுக்கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாள். ஆயினும் தன்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தியின் தந்தை பிரீஸ்லாந்து மாகாணத்தில் பண்ணை வைத்திருக்கிறார் என்று விசாரித்து, ஒரு சனிக்கிழமை காலையில் காரில் ஏற்றிவிட்டாள்.

பிரீஸ்லாந்துக்குப் போகும் வழியே ஒரு காட்சிதான். கடலுக்குக் குறுக்கே 32 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓர் அணை. 1932-ல் கட்டி முடித்தார்கள். வடக்கு நோக்கிச் செல்கையில் இடப்பக்கத்தில் அணையின் மேடு கடலை மறைத்து நிற்கிறது. வலப்பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. முன்னர் அதுவும் கடலாயிருந்தது. அணை கட்டி அடைத்தபின் நன்னீராயிற்று. இத்திட்டத்தை வகுத்த பொறியியலாளர் கொர்னேலிஸ் லேலி என்பவர் வேலை முடியுமுன்னரே 1929-ல் காலமாகிவிட்டார். அணையின் தொடக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கடற்காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்ந்து நிற்கும் மனிதர். இந்தப் பெயரை அன்று மாலைக்குள் இன்னொரு முறை காணப்போகிறேன் என்று அப்பொழுது தெரியாது.

லேவார்டன் நகரில் தேநீர் குடிப்பதற்காக இறங்கினோம். புகையிரத நிலையத்துக்குக் கிட்டிய சந்தியில் இன்னொரு சிலை. அரசனோ தளபதியோ அல்ல, ஒரு பசு! வெண்கலத்தாலான, உண்மைப் பசுவினும் பெரிய உருவம். பீடத்தில் பிரீஸ்லாந்து மொழியில் இரண்டே சொற்கள். "எங்கள் அம்மா" என்பது பொருளாம். மாட்டினப் பதிவேடு தொடங்கப்பட்ட 1879-ம் ஆண்டிலிருந்து 75 ஆண்டு நிறைவானதைக் கொண்டாட 1954-ல் நிறுவினார்கள். பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு மாலையிட்டு வணங்கும் நாட்டிலிருந்து போன எனக்கு, ஒல்லாந்துச் சந்தியில் நின்ற கோமாதாவைக் கண்டதும் கை தானாகக் குவிந்தது. அருகே சைக்கிளில் வந்த பையன் ஒருவன் என்னை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு போனான்.

பண்ணை நகரிலிருந்து அரைமணி நேரப் பிரயாணம். மேடு பள்ளம் என்பதே இல்லாத புற்றரை. வேலிக்குப் பதிலாக வாய்க்கால்கள். கொட்டில் என்று நான் சொன்னாலும், அது நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கப் பண்டசாலை நான்கைச் சேர்த்தாற்போன்ற கட்டடம். பக்கச் சுவர்கள் இல்லை, திரைச்சீலைகள் மட்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப அவை தாமாகவே ஏறி இறங்குகின்றன. உள்ளே நூற்றுப்பத்துப் பசுக்கள். ஆள் ஒருவரும் இல்லை! கயிறும் இல்லை, கட்டையும் இல்லை. சில படுத்து அசைபோட்டன, சில உலாவின.

பண்ணைக்காரருக்கு வயது அறுபதிருக்கும். மரமிதியடியை எதிர்பார்த்துப் போன எனக்கு அவருடைய ரப்பர்ச் சப்பாத்து ஏமாற்றமே. எங்களை முதலில் தம் அலுவலக அறைக்கு அழைத்தார். அதை அவர் "கந்தோர்" என்று சொன்னபோது நானும் பெறாமகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். என் தகப்பனார் முப்பது வருடம் கந்தோருக்குப் போய் வந்தவர். அச்சொல்லை எங்களுக்குத் தந்தவர்கள் அவருடைய முன்னோர்தாம் என்று விளக்கியதும் மனிதர் மிகவும் மகிழ்ந்துபோனார். அவர்கள் விட்டுச் சென்ற சொற்களுள் கக்கூசும் ஒன்று என்பதை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டோம்.

கந்தோரில் கணினித் திரை. அதுதான் நான் சொன்ன தோம்பு. ஒவ்வொரு பசுவுக்கும் பெயர் உண்டு. தாயின் பெயரையே மகளுக்கும் இட்டு, அரச வம்சத்தாரைப் போல இலக்கம் சேர்க்கிறார்கள். கிளாரா 41 எத்தனை தரம் கறந்தாள், எவ்வளவு தின்றாள், எத்தனை நாழிகை அசைபோட்டாள் என்று அனைத்தும் அங்கே பதிவாகியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் எழுதுவது யார்? பசுவின் கழுத்துப்பட்டியேதான். அதில் ஒரு சிறு கருவி தொங்குகிறது. அதனுள் இருக்கும் வானொலிக் குறி பசு இன்னாரென்று யந்திரத்துக்குச் சொல்லும். நம் ஊரில் மாடு இன்னாருடையது என்று அறியக் காய்ச்சிய இரும்பால் குறிசுடுவார்கள். தோல் கருகும் மணமும் மாடு அலறும் ஓசையும் சிறு வயதில் கேட்டவர்களுக்கு மறவா. அதே கருவி, பசுவின் தலை அசைவிலிருந்து அது மேய்கிறதா, நடக்கிறதா, அசைபோடுகிறதா என்பதையும் உணர்கிறது. நலமுள்ள பசு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அந்த நேரம் திடீரெனக் குறைந்தால் எங்கோ நோ இருக்கிறது என்று பொருள். வாயில்லாச் சீவன் என்கிறோம். அந்த வாயின் அசைவைக் கொண்டே அதன் நோவைக் கேட்டறிகிறார்கள். கண்டு வந்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இனிப் பால் கறக்கும் யந்திரம். அதன் மேல் நான் காலையில் சிலையாகக் கண்ட லேலி என்ற பெயர் பொறித்திருந்தது. அந்த அணைகட்டியின் தொழிற்சாலை என்று எண்ணினேன், அல்லவாம். வான் டெர் லேலி என்னும் சகோதரர் இருவர் 1948-ல் தொடங்கிய நிறுவனம் அது. பசு தானே வந்து ஏறிக் கறக்கும் இவ்வகை யந்திரம் உலகிலேயே முதன்முதலாக 1992-ல் நெதர்லாந்தில்தான் ஒரு பண்ணையில் வேலைக்கு வந்தது. மாணவ வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மடி கனத்த பசு, தன் விருப்பப்படி, நினைத்த நேரத்தில் கூண்டு போன்ற ஓர் இடத்தினுள் நுழைகிறது. கழுத்துப்பட்டியைக் கண்டு யந்திரம் அதை அடையாளம் அறிகிறது. அதற்குரிய அளவு தீனி தொட்டியில் விழுகிறது. பசு தின்னத் தொடங்கியதும் ஓர் இயந்திரக் கை வயிற்றின் கீழ் நீண்டு, உருளும் தூரிகைகளால் காம்புகளைத் துடைக்கிறது. பின்பு லேசர் ஒளியால் காம்பு இருக்குமிடத்தைத் தேடி, கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பொருத்துகிறது. பசுவின் மடி வெளிக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே நான்கு தனி அறைகள். ஓர் அறையின் பால் மற்றதற்குப் போகாது. எந்த அறை வற்றுகிறதோ அந்தக் கிண்ணம் மட்டும் கழன்றுவிடும். வெறுங்காம்பை உறிஞ்சி நோகச் செய்வதில்லை. ஏழெட்டு நிமிடத்தில் வேலை முடிந்து முன்கதவு திறக்கிறது. தீனி ஆசையால் உடனே திரும்பி வருகிற கள்ளிகளும் உண்டு. அவர்களுக்குத் தீனியும் இல்லை, கறவையும் இல்லை. கதவு திறந்து போகச் சொல்லிவிடும். ஒருத்தி அப்படி ஏமாந்து வெளியேறியபோது திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் கண்டிருக்கவேண்டும்.

யந்திரம் பிழையே விடாது என்று எண்ணவேண்டாம். இளம் பசு ஒன்று கிண்ணத்தை உதைத்துத் தள்ளியது. கை மறுபடியும் தேடிப் பொருத்தியது. மறுபடியும் உதை. நான்காம் முறையில்தான் சமாதானமாயிற்று. நம் ஊராயிருந்தால் இரண்டாம் உதைக்கே முதுகில் ஓர் அறை விழுந்திருக்கும். யந்திரத்துக்குக் கோபம் வருவதில்லை.

மந்தையிலும் பெரியவர் சிறியவர் என்ற படிவரிசை உண்டு. அடங்கிய சுபாவமுள்ள பசுக்கள், அதிகாரம் செய்வோர் உறங்கும் இரவு வேளையில் தனியே வந்து கறந்துவிட்டுப் போகின்றனவாம். இரவு இரண்டு மணிக்கு வரும் ஒருத்தியைத் திரையில் காட்டி, "முன்பெல்லாம் காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் சேர்த்து நெருக்கிக் கறந்தோம். அப்பொழுது இவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது" என்றார் பண்ணைக்காரர். பெறாமகள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பசுவின் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

கொட்டிலின் நடுவே செங்குத்தாக ஒரு பெரிய தூரிகை தொங்குகிறது. பசு உடம்பைச் சாய்த்ததும் அது சுழலத் தொடங்கும். முதுகு, வால் மூலம், காதின் பின்புறம் என்று காட்டிக் காட்டிச் சொறிந்துகொள்கின்றன. ஆடம்பரம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் பாரமான கதவுகளை வைத்துச் சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புதுத் தீனியை அடைய எவ்வளவு பலத்தோடு கதவைத் தள்ளினவோ, ஏறக்குறைய அவ்வளவு பலத்தோடு இத்தூரிகைக்காகவும் பசுக்கள் தள்ளின என்று கண்டார்கள். 1965-ல் பிரித்தானியாவில் பிரம்பெல் என்ற பேராசிரியரின் தலைமையில் அமைந்த குழு, பண்ணை விலங்குக்கு எழவும், படுக்கவும், திரும்பவும், உடம்பைத் துப்புரவு செய்யவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று எழுதியது. எவ்வளவு சின்னக் கோரிக்கைகள்! அவற்றையும் எழுதிக் கேட்கவேண்டியிருந்தது.

சாணத்தை அள்ளித் திரியும் தட்டையான வண்டி ஒன்று, சாரதி இல்லாமல், ஆமைபோல் பசுக்களின் கால்களிடையே ஊர்ந்துகொண்டிருந்தது. நிலம் ஈரமாயிருந்தால் குளம்பு அழுகும். குளம்பு அழுகினால் நொண்டும். ஆகவே இதுவும் வைத்தியமே.

நாங்கள் இவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் பண்ணைக்காரரின் கைத்தொலைபேசி ஒலித்தது. அவர் முகம் மாறியது. கிளாரா 41, மடியின் முன் இடப்பக்க அறை, பாலில் மின்சாரம் வழக்கத்திலும் எளிதாகப் பாய்கிறது. மடியில் அழற்சி தொடங்கும்போது உடம்பின் உப்பு பாலினுள் இறங்குகிறது. உப்புள்ள நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். கண்ணுக்குப் பால் பாலாகவே இருக்கும். வீக்கமும் கட்டியும் தெரிய முன்னரே யந்திரம் சந்தேகப்படுகிறது.

உப்பு என்ற சொல்லை அவள் மொழிபெயர்த்ததும் நான் அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

1969-ம் ஆண்டு. எனக்கு வயது ஒன்பது. வடமராட்சியில் எங்கள் வீட்டில் சிவப்பி என்றொரு பசு நின்றது. ஆச்சிதான் கறப்பாள். அவள் கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலும் இரண்டு துளியை உள்ளங்கையில் பீய்ச்சி நாவில் வைத்துப் பார்ப்பாள். நாங்கள் அதைக் கிழவியின் ஆசை என்று பரிகசிப்போம். அந்த மாரியில் ஆச்சி நான்கைந்து நாள் காய்ச்சலாய்க் கிடந்தாள்; அம்மா கறந்தாள். ஆச்சி எழுந்து வந்த அன்று காலை கொட்டிலில் இருந்து கேட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது. "பால் கரிக்குது. எத்தினை நாளா இப்பிடி?"

ஒருவருக்கும் தெரியவில்லை. ஒத்தடம் கொடுத்தார்கள், மிருக வைத்தியரும் இரண்டு நாள் கழித்து வந்து ஊசி போட்டார். ஒரு காம்பு பட்டுப்போயிற்று. அடுத்த ஈற்றில் இன்னொன்று. பின்பு ஒரு நாள் மாட்டு வியாபாரி வந்தான். "வன்னிப் பக்கம் வளர்க்கக் கேட்கினம்" என்றான். அவன் சொன்னதை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பொய் என்று ஒருவரும் சொல்லவுமில்லை. அப்பா பணத்தை எண்ணாமலே வாங்கி மடியில் செருகினார். ஆச்சி அதன்பின் தன் கண் மூடும்வரை தேநீரில் பால் விட்டுக் குடிக்கவில்லை.

பண்ணைக்காரர் கிளாராவைத் தனியே அழைத்து வந்து, குந்தியிருந்து, மடியில் கையை வைத்துப் பார்த்தார். யந்திரம் சொன்னாலும் கைதான் உறுதிசெய்யவேண்டும் போலும். பிறகு நான்கு குழிகளுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் ஒவ்வொரு காம்பின் பாலையும் பீய்ச்சி, ஊதா நிறத் திரவம் ஊற்றிச் சுழற்றினார். மூன்று குழியில் பால் நீராகவே ஓடியது. நாலாவது குழியில் கூழாகத் திரண்டது. இந்தத் தட்டுக்கு மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். இந்தச் சோதனையைக் கலிபோர்னியாவில் 1957-ல் வெளியிட்டார்கள் என்று அறிந்தபோது கணக்குப் பார்த்தேன். சிவப்பிக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னர். சாதாரணச் சவர்க்காரத்தூள் கரைசலைக் கொண்டே இதுபோல் சோதிக்கும் முறையைப் பாகிஸ்தானின் மிருக வைத்தியர்கள் பின்னாளில் வகுத்திருக்கிறார்கள். கறவை யந்திரம் ஒன்றின் விலை ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். இரண்டு பசு வைத்திருக்கும் நம் வீடுகளுக்கு அது கதையில் வரும் பொருள். தட்டும் தூளும் அப்படியல்ல. இதைப் படிக்கும் வீடுகளில் பசு நின்றால், உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் நன்றென்று சொல்லி முடித்தால் நான் கண்டதில் பாதியை மறைத்தவனாவேன். "கன்றுகள் எங்கே?" என்று கேட்டேன். கொட்டிலுக்கு வெளியே வெண்ணிறச் சிறு கூடுகளின் வரிசையைக் காட்டினார். பிறந்த சில மணி நேரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். சற்று வளர்ந்தவற்றுக்குப் பாலூட்டவும் யந்திரம் உண்டு; அதுவும் கழுத்துப்பட்டி பார்த்து அளந்து கொடுக்கும். தாயின் நாக்கு மட்டும் அங்கே இல்லை. பசு இருபது ஆண்டு வரை வாழக்கூடிய பிராணி. இங்கே பெரும்பாலானவை ஆறு வயதளவில் கொட்டிலை விட்டுப் போகின்றன. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எங்கள் வீட்டாருக்கு இல்லை. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னே நிறுத்திப் பால் கறந்தவர்கள் நாமும்தான்.

வேறொரு குறையும் உண்டு. பசு யந்திரத்துக்குத் திரும்பி வரவேண்டுமென்பதால், சில பண்ணைகளில் அதை வெளியே விடவே தயங்குகிறார்கள். இதை ஈடுசெய்ய, ஆண்டில் குறைந்தது 120 நாள், நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் புல்வெளியில் விட்ட பசுக்களின் பாலுக்குத் தனி முத்திரை கொடுத்து விற்கிறார்கள். இந்தப் பண்ணையில் கறந்து முடித்த பசுவுக்கு மட்டும் புற்றரையின் பக்கமாகத் திறக்கும் கதவு ஒன்றிருக்கிறது. மாரி முழுதும் உள்ளே நின்ற பசுக்களை இளவேனிலில் முதல் நாள் வெளியே விடும்போது, அந்தப் பெரிய உடம்போடு துள்ளிக் குதிக்குமாம். அதைப் பார்க்க நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்களாம். நான் ஒரு மாதம் பிந்திப் போனேன். அக்காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

புறப்படும்போது பண்ணைக்காரர் மிருக வைத்தியருக்குச் சொல்லிவிட்டிருந்தார். கிளாராவின் பால் தனி வாளிக்குப் போகும்படி கணினியில் குறித்துமிருந்தார். பெறாமகளின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் மழை. அணையின் மேல் வரும்போது இடப்பக்கத்து ஏரியும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கையில், அவள் தொலைபேசியோடு அறைக்குள் வந்தாள். "பெரியப்பா, கிளாராவின்ரை மடி ஆறியிட்டுதாம். இண்டைக்கு விடிய தானாவே வந்து நிண்டவளாம்."

"பாலை நாவிலை வைச்சுப் பாத்தவராமோ எண்டு கேள் பிள்ளை" என்றேன்.

அவள் எழுதிக் கேட்டாள். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: இல்லையாம்; ஆனால் நாளைக்குப் பார்க்கிறாராம்.